வாடியில் ஒரு வருடம்

ஆபிரிக்காவின் புதர்க்காடுகளிற் குடியேறி, கடிகாரத்தை மறந்து வாழ்ந்தோரைப் பற்றி நூல்களிற் படித்து வியக்கும் மாணவர் பலர். காடு காண்பதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து மேற்கே சம்மாந்துறையையும் தாண்டி வயல்வெளியின் எல்லை வரை சென்றால், அங்கே நமது காடு தொடங்குகின்றது. கடந்த ஒரு வருட காலமாக நான் அங்குள்ள வாடியொன்றில் வசித்துக்கொண்டே கல்லூரிக்குச் சென்று வருகின்றேன்.

தந்தையார் விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் வயலைப் பார்ப்பார் இல்லாமற் போனதே இதற்குக் காரணம். விற்றுவிடலாம் என்றாள் மனைவி. ஒரு போகமாவது செய்து பார்த்தபின் முடிவு செய்வோம் என்றேன் நான்.

முதல் மாதம் பொழுது நகர மறுத்தது. மணியடித்ததும் பாடம் மாற்றிப் பழகியவனுக்கு, முறை வரும்வரை வாய்க்கால் நீருக்குக் காத்திருப்பது எளிதன்று. அந்நீர் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வருவது. 1949 இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தின்படி, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அமைத்த நீர்த்தேக்கம் அது. பெருங்காடு வெட்டப்பட்டு வயலாயிற்று. நமக்கு நீர் கிடைத்த அத்திட்டத்தினாலேயே யானைகள் தமது பழைய காட்டிற் பெரும்பகுதியை இழந்தன.

வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். நெல் முற்றும் தை மாதத்தில் அவை வரம்பேறின. பரணில் நடுங்கியவாறு வெடியைக் கையிலெடுத்த என்னை, அடுத்த வயற்கார முஸ்லிம் பெரியவர் தடுத்தார்.

"அவசரப்படாதீங்க சேர். அது போற வழிய உட்டுட்டுச் சத்தம் போடுங்க."

அவ்வாறே செய்தோம். அரை மணி நேரத்தில் அவை காட்டை நோக்கித் திரும்பின. கென்யாவிலும் விவசாயிகள் வேலியோரமாகத் தேன்கூடுகளைத் தொங்கவிட்டு, தேனீக்கு அஞ்சும் யானைகளைக் காயப்படுத்தாமல் விலக்குகின்றார்களாம். இங்கும் அதனைப் பரீட்சித்துப் பார்க்க எண்ணியுள்ளேன்.

காவலிருந்த அந்த இரவுகளிலேதான் நான் அறியாத செய்தியொன்று தெரியவந்தது. 1990 ஆம் ஆண்டின் யுத்தத்தில் எம்மவர் இவ்விடத்தை விட்டு ஓடியபின், எமது வயல் பல வருடங்கள் தரிசாய்க் கிடந்தது. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அஞ்சிய காலம் அது. எனினும் அக்காலம் முழுவதும் எமது வரம்பை ஆண்டுதோறும் மண்ணிட்டுக் கட்டி வந்தவர் இப்பெரியவரே. தந்தையார் இதனை அறிந்திருந்தாரோ, நானறியேன்.

"ஏன் காக்கா செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வரம்பு அழிஞ்சா, நாளைக்கு ஆருட மண் எண்டு ஆருக்குச் சேர் தெரியும்?" என்றார் அவர். பின்பு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி இருந்தார்.

ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, குத்தகைக் கணக்கை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தால் இச்செய்தி என்னை எட்டியிராது. ஆறுதலாக வாழ்வது சோம்பலன்று. பிறர் மனந்திறந்து பேசும்வரை அருகிலிருப்பதுமாகும்.

மாசியில் அறுவடை முடிந்தது. முன்னர் களவெட்டியிற் பொலிப்பாடலோடு பல நாள் நடந்த வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்தது. செலவு போக மிஞ்சியது சொற்பமே. அன்று மனைவியும் வந்து வயலைச் சுற்றிப் பார்த்தாள். விற்பதைப் பற்றி அவள் பின்னர் பேசவில்லை. இவ்வருடம் எமது வரம்போடு பெரியவரின் வரம்பையும் என் மகனே கட்டுவதாக இருக்கின்றான்.