பழைய மோட்டாருக்கு அம்பத்தூரில் மறுபிறவி

சென்ட்ரலில் இருந்து ஆவடிப் பக்கம் போகும் புறநகர் ரயிலில், கொரட்டூருக்கு அடுத்து வருவது பட்டரவாக்கம். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. காற்றிலேயே எண்ணெயும் இரும்புத்தூளும் மணக்கும்.

1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர் இது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. 1960-களில் பக்கத்து ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள் பெருகின. அந்தக் கைப்பழக்கம்தான் இன்று நம் வீட்டுக் கிரைண்டருக்கும் உதவுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களில் ‘மோட்டார் ரீவைண்டிங்’ பலகை கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கருகிய காயிலைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். கம்பியின் கனத்தை அளப்பார்கள். அதே கனத்தில், அதே எண்ணிக்கையில் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். புஷ் தேய்ந்திருந்தால் லேத்தில் புதிதாகக் கடைந்து போடலாம்.

கடையில் கிடைக்காத மோட்டாருக்குத்தான் இந்த வித்தை அதிகம் தேவை. பழைய பின்பால் விளையாட்டு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கணினிச் சில்லு கிடையாது. 50 புள்ளி விழுந்தால், பத்துப் பத்தாக ஐந்து முறை ஏற்றுவதற்கான சுவிட்சுகளைத் தட்டுவது உள்ளே சுழலும் ஒரு சின்ன மோட்டார். அது தேய்ந்தால் கணக்கே தடுமாறும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கத்திய மோட்டாரை இங்கே ஓட்டினால் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். மாற்று தேடும்போது இதையும் பார்க்க வேண்டும்.

கிரைண்டரோ, தையல் மெஷினோ, மோட்டாரை மாற்றும்முன் ஐந்தைக் கவனியுங்கள்: குதிரைத்திறன், சுழலும் வேகம், ஷாஃப்ட்டின் தடிமன், போல்ட் துளைகளின் இடைவெளி, சுழலும் திசை. திசை மாறினால் கிரைண்டர் தலைகீழாகச் சுற்றும்!

முக்கியமான ஒன்று: கருகிப்போன மோட்டாரைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கம்பெனியே மூடிப்போன பிறகு, அந்த மோட்டாருக்கான வரைபடம் அதற்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. அதை எண்ணிப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தெருக்களில் இன்னமும் இருக்கிறார்கள். பாட்டி காலத்து மெஷினைத் தூக்கிப் போடும்முன், ஒருமுறை பட்டரவாக்கத்துக்கு டிக்கெட் எடுங்கள்.