'முட்டாள்' பட்டம் வாங்கியவரின் ஊர்!

ஜோக் லேட்டா புரியற ஃப்ரெண்டை, 'சரியான கற்கால மனுஷன்டா நீ'ன்னு கலாய்ச்சிருப்பீங்கதானே? அப்படி உலகமே கலாய்ச்ச ஒருத்தரோட ஊருக்குத்தான் இப்போ போறோம்.

ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃபில் எஸ்-28 லோக்கல் ரயில் ஏறுங்க. கால் மணி நேரத்தில் ஒரு குட்டி ஸ்டேஷன். போர்டில் 'நியாண்டர்தால்'! 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. 17-ம் நூற்றாண்டில் இங்கே உலாவிய யோவாகிம் நியாண்டர் என்ற பாதிரியாரின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தக் கிரேக்கப் பெயருக்கு அர்த்தம், 'புது மனிதன்'. என்ன பொருத்தம் பாருங்க!

1856-ல் இங்கே சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள், ஒரு குகையிலிருந்து சில எலும்புகளை எடுத்தார்கள். கரடி எலும்பாக இருக்கும் என்று நினைத்தார்கள். 'இல்லை, இது ரொம்பப் பழைய மனிதன்' என்று கண்டுபிடித்தவர், ஃபூல்ராட் என்ற ஸ்கூல் வாத்தியார். பெரிய தலைகள் சும்மா விடுமா? 'இது நோயாளி எலும்பு' என்றார் பிரபல டாக்டர் விர்ச்சோ. 1866-ல் ஹெக்கல் என்ற விஞ்ஞானி, 'ஹோமோ ஸ்டுபிடஸ்', அதாவது 'முட்டாள் மனிதன்' என்றே பெயர் வைக்கப் பார்த்தார். நல்லவேளை, 1864-லேயே வில்லியம் கிங் சூட்டிய 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' நிலைத்துவிட்டது.

அந்தக் குகை எங்கே என்று தேடாதீங்க. சுண்ணாம்புக்காக அதை மலையோடு வெட்டித் தீர்த்துட்டாங்க. இடமே மறந்துபோய், 1997-லும் 2000-லும் ஷ்மிட்ஸ், திஸ்ஸன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய குவாரி மண்ணைத் தோண்டினார்கள். கிடைத்த ஒரு துண்டு, 1856-ல் எடுத்த தொடை எலும்போடு அப்படியே பொருந்தியது!

இப்போ அந்த எலும்புகள் பான் நகர மியூசியத்தில் இருக்கின்றன. அவருடைய இடது கை முறிந்து, கோணலாகச் சேர்ந்திருக்கிறது. சரியாக மடக்கவே முடியாது. ஆனாலும் அதன் பிறகு பல வருஷம் வாழ்ந்திருக்கிறார். கூட இருந்தவங்க கைவிடலைனுதானே தோணுது?

சரி, விஷயத்துக்கு வருவோம். அவங்களுக்கு நம்ம அளவுக்கு மூளை இருந்ததா? சைஸில் நமக்குக் குறைவில்லை. பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கிப் பசை எடுத்து, கல்லையும் பிடியையும் ஒட்டியிருக்கிறார்கள். இது பக்கா கெமிஸ்ட்ரி! ஃப்ரான்ஸின் ப்ரூனிக்கல் குகையில், வாசலிலிருந்து 336 மீட்டர் உள்ளே, கும்மிருட்டில், பாறைக் கூம்புகளை உடைத்து வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். சுமார் 1,76,500 வருஷத்துக்கு முன்னால்! கையில் நெருப்பும், மனசில் ஒரு பிளானும் இல்லாமல் இது முடியுமா?

மறுபக்கமும் உண்டு. நம்ம முன்னோர் விட்டுப்போன மாதிரி மிருக ஓவியங்களோ பொம்மைகளோ அவங்க கிட்ட உறுதியாகக் கிடைக்கவில்லை. அதனால் 'டிட்டோ நாமதான்'னு சொல்லிட முடியாது. ஆனால் சுமார் 40,000 வருஷத்துக்கு முன்னால் மறைஞ்சு போனதாலேயே மக்குன்னு முடிவு கட்டுவதும் தப்பு. அவங்க சின்னச் சின்னக் கூட்டமாக, சிதறி வாழ்ந்தவங்க. சைபீரியாவில் கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., அவளுடைய அப்பா அம்மாவே நெருங்கிய ரத்த சொந்தம் என்கிறது. ஆள்பலம் இல்லாமல் அழிவது வேற, அறிவில்லாமல் அழிவது வேற. அரியர் வெச்சவன் எல்லாம் முட்டாளா என்ன?

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, 1996-ல் திறந்த மியூசியம் இருக்கிறது. கோட் சூட் போட்ட ஒரு நியாண்டர்தால் சிலை அங்கே ஃபேமஸ். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க! சும்மாவா? ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் உள்ளவர்களின் டி.என்.ஏ-வில் 1 முதல் 2 சதவிகிதம் அவங்க கொடுத்ததுதான். கோவிட்டைத் தீவிரமாக்கும் ஒரு ஜீன் தொகுதியும் அவங்க சொத்து என்று 2020-ல் தெரியவந்தது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது.

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகும் ஐடியா இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே போயிட்டு வாங்க. திங்கள் மியூசியம் லீவு. சொந்தக்காரரைப் பார்க்கப் போய் பூட்டின கதவைப் பார்த்துட்டு வராதீங்க!