விட்டுப் பிடி

கொள்ளிடக் கரையில் வளர்ந்தவனுக்குத் தூண்டில் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவானைக்காவலிலிருந்து டோல்கேட் போகும் பழைய இரும்புப் பாலத்துத் தூண்களுக்குக் கீழே, மண்புழுவும் தக்கையுமாக என் சிறுவயது போனது. தக்கை அமிழ்ந்த கணமே வெடுக்கென்று சுண்ட வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் கெண்டை இரையைக் கொத்திக்கொண்டு போய்விடும். 1928-இல் கட்டிய அந்தப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது, கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஓடிய தண்ணீர் பழையாறு பக்கம் கடலில் கலந்திருக்கும். அந்தக் கடலுக்கு நானும் போவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

மகன் புதுச்சேரியில் இருக்கிறான். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டில் போட வைக்கும் வாடகைப் படகுகள் அங்கே உண்டு. என் அறுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு அப்படி ஒரு படகில் இடம் பிடித்து வைத்திருந்தான். விடியும் முன்பே கிளம்பினோம். கலங்கிய பச்சை மெல்ல விலகி, மை கரைத்தது போன்ற நீலம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

வயிறு புரட்டியது. படகை ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “கீழ பாக்காதீங்க ஐயா, வானம் கடலைத் தொடுற இடத்தையே பாருங்க” என்றான். காதுக்குள் இருக்கும் உறுப்பு ஆடுகிறோம் என்கிறது; படகின் தரையைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். தொடுவானத்தைப் பார்க்கப் பார்க்கச் சற்று அடங்கியது.

கணவாய்த் துண்டைக் கொக்கியில் குத்தி இறக்கினோம். இங்கே தக்கை கிடையாது. தூண்டில் நரம்பில் வைத்த விரல்தான் கண். வெகுநேரம் கழித்து ஓர் இழுப்பு. ஆற்றுப் பழக்கத்தில் சுண்டி, முழு பலத்தோடு பிடித்தேன். நரம்பு அறுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. பையன் கிட்டே வந்து ரீலின் தலையில் இருந்த திருகைத் தளர்த்தினான். “மீன் ஓடட்டும் ஐயா. அது களைச்சதும் சுத்துங்க. விட்டுப் பிடிங்க.”

அந்தத் திருகுக்கு டிராக் என்று பேர். அளவுக்கு மேல் இழுவை வந்தால், அறுந்துபோகாமல் நரம்பைத் தானாக நழுவ விடும். அது என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் கொதிகலன்களுக்கான சேஃப்டி வால்வுகளோடு முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் வால்வு திறந்து நீராவியை வெளியே விட வேண்டும். திறக்காத வால்வு கொதிகலனையே வெடிக்க வைத்துவிடும். எத்தனை வால்வுகளை இந்தக் கையால் சோதித்து அனுப்பியிருப்பேன்!

வீட்டில் நான் திறக்கவே இல்லை. பிளஸ் டூ முடித்த மகன் கடல் உயிரியல் படிக்கிறேன் என்று கேட்டான். இன்ஜினியரிங்தான் என்று பிடித்த பிடியில் நின்றேன். சேர்ந்தான், மூன்றாம் வருடம் பாதியில் விட்டுவிட்டு ஊரை விட்டே போனான். ஆறு வருடம் அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினான். பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சாயங்காலங்களை நான் மறக்கவில்லை. அவள் போன பிறகுதான் என்னை அழைத்தான்.

ஒரு நாள் போய்வந்ததை ஆழ்கடல் மீன்பிடிப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் வாரக்கணக்கில் கரை காணாமல் கடலில் கிடந்து தொழில் செய்கிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் அந்தக் கரையோர ஊர்கள் எத்தனையோ பேரை இழந்தன. பிறகும் கடலுக்குப் போனார்கள். பிள்ளையை அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் அந்த அம்மாக்களிடம் என் போன்ற தகப்பன் கேட்டுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அன்று மூன்றாவதாக ஒரு பாறை மீன் சிக்கியது. ஓடியது, விட்டேன். நின்றது, சுற்றினேன். மறுபடி ஓடியது. கை நடுங்கியபோது மகன் பின்னால் வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். கழியைப் பிடுங்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றோம்.

இதை எழுதும்போது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று கடலை விட்டு வைத்திருக்கும் நாட்கள். அது முடிந்ததும் வரச் சொல்லி மகன் ஒரு ரீல் அனுப்பியிருக்கிறான். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை வைக்க வேண்டுமாம். இது பதினைந்து கிலோ நரம்பு. ஐந்தில் நழுவ வேண்டும். நேற்று மாடியில் வில் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஏழில்தான் நழுவியது. இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.