காய்க்காத பனையின் பூ

கார்த்திகை தீபத்தன்று துபாயில் பேட்டரி விளக்குகளை வரிசையாக வைக்கிறோம். காற்றுக்கு அணைவதில்லை, எண்ணெய் சிந்துவதில்லை. பொரி உருண்டைகூடக் கடையில் கிடைக்கிறது. சுழற்றினால் பொறி பறக்கும் மாவலி மட்டும் இல்லை.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த ஏக்கம் சொல்லாமலே புரியும். ஆண் பனை காய்க்காது. பூத்து, பூ காய்ந்து உதிரும். மாவலிக்காக அந்தப் பனம்பூவை மழையில் நனையாமல் பரணில் சேர்த்து வைத்திருப்பார் தாத்தா. குழியில் போட்டுக் கொளுத்தி, நெருப்பு நன்றாகப் பிடித்ததும் மண்ணைத் தள்ளி மூடுவார். சாம்பலாகிவிடக் கூடாது, கரியாக வேண்டும். எப்போது மூடுவது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். ஆறியதும் தோண்டியெடுத்து, நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சுருட்டுப் போலத் திணித்து, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டுவார். முனையில் ஒரு தணல். மட்டையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றச் சுழற்ற, முதலில் புகை, பிறகு ஒன்றிரண்டு பொறி, பிறகு பூப்பூவாய், வட்டம் வட்டமாய், நம்மைச் சுற்றி ஒரு பொன்மழையே இறங்கும்.

சர் சர்ரென்று காற்றைக் கிழிக்கும் அந்தச் சத்தம். இருட்டிலிருந்து தாத்தாவின் குரல்: "கை தளராதடா, நின்னா அணைஞ்சிடும்." இரண்டும் இப்போது இல்லை. அந்த இருட்டும் இல்லை. இந்த ஊர் இரவில் பொறி பறந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மலைமேல் ஏற்றும் தீபம் சிவன் சோதியாய் நின்றதற்கு. கோயில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனை முப்புரம் எரித்ததற்கு. மாவலி மகாபலியை நினைத்து. எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். விழா கதைகளுக்கும் மூத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அகநானூற்றிலேயே கார்த்திகை விளக்கு எரிகிறது. 7ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் பாடிய ஞானசம்பந்தருக்கே அது தொல்விழா. அம்மா மாட்டுக்கொட்டிலிலும் கிணற்றடியிலும் குப்பைமேட்டிலும் அகல் வைப்பாள். எரிந்த சொக்கப்பனையின் கரியைக் கொண்டுபோய் வயலில் போடுவார்கள். மழை ஓயும் நாளில் உழவர் வீடு நெருப்பைக் கூப்பிட்டு நிலமெல்லாம் காட்டியது. கதை எதுவானாலும், நான் கண்ட பொருள் இதுதான்.

எங்கள் ஏரிக்கரையில் முதலில் போனவை ஆண் பனைகள். காய்க்காத மரம்தானே என்று செங்கல் சூளைக்கு விற்றார்கள். நுங்குக்காகப் பெண் பனை கொஞ்சம் தப்பியது. பூ இல்லை, கரி இல்லை, தாத்தாவும்...

பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஊரில் இருப்பவர்களே, உங்கள் கரையில் ஆண் பனை நின்றால் விழும் பூவைக் குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள். பொறுக்கிப் பரணில் போட்டு வையுங்கள். கரி சுடத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்தக் கார்த்திகைக்கே பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள்.