எவ்வளவு கொடுத்தீர்கள்?

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், அசைபோடாமல் சோர்ந்து நிற்கும் பசுக்கள் கால்நடை மருத்துவமனைக்கு வருவதுண்டு. முந்தைய நாள் கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாலை சூட்டி, பொங்கலை ஊட்டிய அதே கைகள்தாம் அவற்றின் கயிற்றைப் பிடித்திருக்கும். கால்நடை ஊட்டவியல் கற்பிக்கும் ஆசிரியர் தம் மாணவர்களை முதலில் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் அதுவே. தீவன அட்டவணைகள் பிறகு வரலாம்.

பசுவின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையாகிய பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அங்கு வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகளே வைக்கோலின் நாரைச் சிதைத்துப் பசுவுக்கு உணவாக்குகின்றன. ஆகவே, மாட்டுக்குத் தீனி வைப்பவர் உண்மையில் அவற்றுக்கே தீனி வைக்கிறார். நார் மெல்லச் சிதையும். சோற்றின் மாவுச்சத்தோ விரைந்து நொதித்து லாக்டிக் அமிலமாகப் பெருகும். அமிலம் மிகுந்தால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும், பெருவயிறு அசைவற்றுப்போகும், உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட, பசு எழ மாட்டாமல் படுத்துவிடும்.

இவ்வளவையும் கரும்பலகையில் விளக்கிவிடலாம். உண்ட அளவைக் கேட்டறிவதுதான் அரிது. சிறிதென்றால் சோடா உப்புக் கரைசலே போதுமானதாகலாம். மிகுதியென்றால் வயிற்றைத் திறந்தே வெளியேற்ற நேரும். அதட்டிக் கேட்டால் உண்மை வராது.

"எவ்வளவு கொடுத்தீங்க பாட்டி?" என்று மாணவி ஒருத்தி கேட்கிறாள்.

"ஒரு பிடிதாம்மா" என்கிறார் பசுவைக் கொண்டுவந்த மூதாட்டி.

ஆசிரியர் குறுக்கிடாமல் காத்திருக்கிறார். மாணவி பசுவின் கழுத்தைத் தடவியவாறே மீண்டும் கேட்கிறாள்.

"ஒரு வாளி இருக்கும்" என்ற சொல் மெல்ல வருகிறது.