காஞ்சியில் தெரியாத நோய்

காஞ்சிபுரத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டு ஓர் ஆண்பிள்ளை படும் பாடு இருக்கிறதே, அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை" என்று என் மனைவி ஆரம்பித்தாள். எதிர்வீட்டு மாமி, "எனக்கு ஒன்றும் வேண்டாம், மாம்பழ நிறத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் விலை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். நான் போனது புடவை வாங்க அல்ல, புடவை பிறக்கும் இடத்தைப் பார்த்து எழுத. கடைசியில் பார்த்தால், புடவையைப் பற்றிப் பாதியும், ஒரு குட்டி லாரியைப் பற்றிப் பாதியுமாக எழுத நேர்ந்துவிட்டது! எப்படி என்று கேளுங்கள்.

தை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கைலாசநாதரையும் ஏகாம்பரநாதரையும் தரிசித்துவிட்டு, 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தேன். காலை ஏழு மணி. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு தெருவில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டுமாம். சைக்கிளில் வந்தவர் கூட இறங்கி, பாவுக்கு வழிவிட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு அறிமுகமான பெரியவர் வீட்டில் அன்று ஒரே பரபரப்பு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஒரு முகூர்த்தப் புடவையின் கடைசி விரற்கடையை நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் குழியிலே தண்ணி, தம்பி. தறி நின்னுபோச்சு. இல்லேன்னா இது தீபாவளிக்கே இறங்கியிருக்கும்" என்றார்.

அந்தப் புடவை கடைக்குப் போவதல்ல. பெரியவரின் மகளை உதகமண்டலத்துக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரே தங்கை. அவளுக்கு இன்னும் நாலு நாளில் கல்யாணம். "ஆயுசு பூரா அடுத்த வீட்டுப் பொண்ணுங்களுக்கே நெஞ்சாச்சு. நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஒண்ணு நெய்யக்கூடாதா?" என்றார் பெரியவர். 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரை வேறு ஊரார் போட்டுக்கொள்ள முடியாமல் சட்டம் காவல் நிற்கிறது. ஆனால் நெய்கிறவர் வீட்டுப் பீரோவில் பட்டு இருப்பதற்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தருவதில்லை.

வாசலில் புடவைக்காகக் காத்து நின்றது மாப்பிள்ளையின் பிக்கப் வண்டி. மலையில் காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றுகிற வண்டி. பழசாக வாங்கியது. வண்டியைச் சுற்றி மூன்று மெக்கானிக்குகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

வண்டிக்கு என்ன நோய்? அதைச் சொல்வதற்கு முன் அதன் உடலமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சகோதரிகள் பயப்பட வேண்டாம். தையல் மெஷினைவிடக் கடினமான சமாசாரம் அல்ல.

இந்த மாதிரிச் சுமை வண்டியில் சாதாரணமாக என்ஜின் பின் சக்கரங்களை மட்டும்தான் சுழற்றும். முன் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். சேறும் பனியும் செங்குத்து ஏற்றமும் வந்தால் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணை வாரி இறைக்கும். அப்போது ஒரு குமிழைத் திருப்பினால் முன் சக்கரங்களும் இழுக்க ஆரம்பிக்கும். இதற்குத்தான் 'ஃபோர் வீல்' என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1941 முதல் அமெரிக்காவில் ஆயிரம் ஆயிரமாகச் செய்த ஜீப்புகள் சேற்றிலும் பனியிலும் புகுந்து புறப்பட்டது இந்த வித்தையால்தான்.

"எங்க கோர்வை மாதிரிதான்!" என்றார் பெரியவர். காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடி, உடல் இழையையும் கரை இழையையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றோடொன்று பூட்டுகின்றன. அந்தப் பூட்டுத்தான் கோர்வை. கோர்வை விட்டால் உடல் உடலாக இருக்கும், கரை கரையாக இருக்கும், புடவை இருக்காது.

வண்டியிலும் பூட்டு உண்டு. குமிழைத் திருப்பியதும் வண்டிக்கு அடியில் உள்ள ஒரு சிறு கியர் பெட்டி, என்ஜினின் பலத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கு அனுப்பும். ஆனால் அச்சு சுழன்றால் போதுமா? அச்சையும் சக்கரத்தையும் பூட்டுகிற 'ஹப்' இறுகினால்தான் சக்கரம் இழுக்கும். இந்த வண்டியில் ஹப்பை இறுக்குவது ஒரு ரப்பர் குழாய். என்ஜின் பக்கத்திலுள்ள பம்பு அந்தக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். உறிஞ்சுகிற வேகத்தில் பூட்டு விழும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோம் அல்லவா, அதே தத்துவம். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் இளநீர் வாய்க்கு வராது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் இதுதான்: மலையில் விடியற்காலையில் குமிழைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, ஆனால் முன் சக்கரம் இழுப்பதில்லை. போன மாதம் ஒரு நாள் காரட் மூட்டையோடு வண்டி பின்னாலேயே வழுக்கி, ஒரு மண்மேட்டில் முட்டி நின்றதாம். மேடு இல்லாவிட்டால் பள்ளம். அங்கே பார்த்த ஒருவர், "கியர் பெட்டியே போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். மகள் தன் நாலு வளையலைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்துவிட்டாள். அடகு வைக்கிற நேரத்தில் காஞ்சிப் பயணம் வந்ததால், இங்கேயும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார் மாப்பிள்ளை.

காஞ்சியிலோ வண்டி சமர்த்துக் குழந்தையாகிவிட்டது! குமிழைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, பூட்டு விழுகிறது, மணலில் நிறுத்தி ஓட்டினால் நாலு சக்கரமும் இழுக்கின்றன. "ஒரு குறையும் இல்லையே, அண்ணே" என்று மூன்று பேரும் கைவிரித்தார்கள்.

பெரியவர் சிரித்தார். "மழைக்காலத்திலே தறி பண்ற முரண்டை, சித்திரை வெயில்லே வந்து பாக்கறவனுக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை? நோவு எந்த நேரத்திலே வருதோ அந்த நேரத்திலேதான் நாடி பாக்கணும். வளையலை இப்போ விக்க வேணாம். கல்யாணத்துக்கு நானும் வரேன் இல்லே? அங்கே போய்ப் பாப்போம்."

"நீங்களும் வாங்க தம்பி, ஒரு கல்யாணச் சாப்பாடு!" என்று அம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டார்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து, மஞ்சள் தடவி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்று மாலை கிளம்பினோம். வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏற, எங்கள் உடம்பில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை என்று ஏறிக்கொண்டே போயிற்று. உதகை ஏழாயிரம் அடிக்கு மேல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே உறைபனிக் காலம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும். ஆகையால் மேட்டில் சும்மா இருக்கும் புல், பள்ளத்தில் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். மாப்பிள்ளையின் வீடு இருந்தது ஒரு பள்ளத்தில். தார் ரோட்டுக்கு அங்கிருந்து செங்குத்தான மண் பாதை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. வண்டியை வேண்டுமென்றே இரவு முழுவதும் வெளியில் நிறுத்தியிருந்தோம். கண்ணாடியில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. பெரியவர் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார், தறி முன்னால் உட்காருகிற அதே தோரணையில்.

"சுலபமானதை முதல்லே பாருங்க மாப்பிள்ளை. பாவு முரண்டினா, தறியைப் பிரிக்க மாட்டோம்; இழையைத் தான் பாப்போம்."

முதலில் பேட்டரி. குளிரில் பேட்டரியின் சக்தி குறையும்; பலவீனமான பேட்டரியால் கியர் பெட்டியின் சின்ன மோட்டாரைத் திருப்ப முடியாமல் போவதுண்டு. என்ஜின் ஒரே சுழற்சியில் கிளம்பியது. பேட்டரி நிரபராதி. அடுத்தது பியூஸ், அதுவும் சரி. குமிழைத் திருப்பினார். வண்டிக்கு அடியில் காதை வைத்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. விளக்கும் எரிந்தது. ஆக, மொத்தமாக மாற்றச் சொன்ன கியர் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது!

பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, முன் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினோம். கையால் சுற்றினால் சக்கரம் சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே அச்சு அசையவில்லை. ஹப் பூட்டவில்லை. இறக்கிவிட்டு வலது பக்கம் தூக்கினோம். அங்கேயும் அதே கதை.

பெரியவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒரு இழை அறுந்தா இழையைப் பாக்கணும். வரிசையா நூறு இழை தப்பினா இழை மேலே குத்தம் இல்லே, விழுதைப் பாக்கணும். ரெண்டு பூட்டும் ஒண்ணாக் கெட்டுப் போகுமா? ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

பொதுவாக இருந்தது ஒரே ஒரு குழாய். பம்பிலிருந்து வந்து, பிறகு இரண்டாகப் பிரிகிற ரப்பர் குழாய். மாப்பிள்ளை பானெட்டுக்குள் தலையை விட்டு அதைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில், இரும்புக் குழலில் அது செருகியிருக்கிற வாயில், 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல். கண்ணுக்குத் தெரியாத முடிக் கீறல்! ஓட்டை ஸ்ட்ரா!

ஆனால் காஞ்சியில் மட்டும் ஏன் சரியாக இருந்தது? அதைத் தீர்த்துவைத்தது, முகம் கழுவ வெந்நீர்ச் செம்போடு வந்த அம்மாள். விஷயத்தைக் கேட்டதும், "காஞ்சிபுரத்து வெயில்தானே வேணும்? இந்தாங்க!" என்று துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தார். என்ஜினை நிறுத்தி, குழாயின் வாயில் அதைச் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்திருந்தோம். மறுபடி கிளப்பினால் சீறல் இல்லை! குமிழைத் திருப்பினார். தூக்கியிருந்த சக்கரம் கையை எதிர்த்து நின்றது. பூட்டு விழுந்துவிட்டது!

சூட்டில் ரப்பர் இளகி இரும்பைக் கவ்விக்கொள்கிறது. குளிரில் விறைத்து, சுருங்கி, கீறல் வாயைத் திறக்கிறது. இவ்வளவுதான் நோய். கீறிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயைச் செருகிக் கிளிப் போட்டார் மாப்பிள்ளை. மத்தியானம் உதகையில் புதுக் குழாய் வாங்கி மாட்டியாயிற்று. இருநூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் காபி கொடுக்கும்போது வளையல் சத்தம் கேட்டது.

மலையில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு, அன்று கற்ற இன்னும் மூன்று விஷயங்கள். பழைய கியர் எண்ணெய் குளிரில் தேன் மாதிரி கெட்டியாகி, பூட்டு விழுவதைத் தாமதப்படுத்தும்; வண்டியின் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே ஊற்ற வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போடக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை. வழுக்க இடமில்லாமல் உள்ளே முறுக்கேறி, குமிழைத் திருப்பினாலும் விடுபட மறுக்கும். அப்போது பலவந்தம் செய்யாமல் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் விட்டுவிடும். மூன்றாவது, வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண் பாதையில் போட்டு எடுக்க வேண்டும். "ஓடாத தறியும் பேசாத உறவும் இறுகிப் போகும்" என்றார் பெரியவர்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலும் பனி கொட்டிக் கிடந்தது. மணப்பெண்ணும், பாட்டியும், சீர்த் தட்டுகளுமாக வண்டி அந்தச் செங்குத்துப் பாதையின் அடியில் நின்றது. மாப்பிள்ளை குமிழைத் திருப்பினார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். காமாட்சியை வேண்டினாரோ, ரப்பர் குழாயை வேண்டினாரோ! நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ, வண்டி உறுமிக்கொண்டே நிதானமாக ஏறித் தார் ரோட்டைத் தொட்டது. கோயிலில் பெண் அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தபோது, நான் பார்த்தது கரையும் உடலும் சேருகிற அந்தக் கோர்வைக் கோட்டைத்தான். ஒரு இழைகூடப் பிசகவில்லை.

வீடு திரும்பினேன். "புடவை எங்கே?" என்றாள் மனைவி. கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அரக்கு உடலா? மயில்கழுத்துக் கரையா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்."

"அப்படியென்றால், அதே போல் ஒன்று நெய்யச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள் அல்லவா?"

அடுத்த வாரம் மறுபடி காஞ்சிபுரம் போகிறேன்.