டீசல் சென்ட்!

"என்னல, பெட்ரோல் பங்க்ல பார்ட் டைமா?" பக்கத்து பெஞ்ச் கேட்டதும் கிளாஸே சிரித்தது. நானும்தான். ஆனா, உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. லீவுல அப்பாவோடு வள்ளத்தில் போய்வந்தால் ரெண்டு தடவை துவைத்தாலும் சட்டையில் டீசல் வாடை போகாது. பெட்ரோல் மாதிரி டீசல் சட்டென ஆவியாகாதே! இன்ஜினை நிறுத்திப் பாய் விரித்தாலும் வாடை வந்தது. அப்போ இது புகை இல்லை, கசிவு!

ஞாயிற்றுக்கிழமை தேடுதல் வேட்டை. டேங்க்கில் ஒழுகல் இல்லை. இன்ஜினுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் மேல் மட்டும் வானவில் கலரில் படலம். பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு போட்டுத் துடைத்து, காயவிட்டேன். டியூப், ஜாயின்ட் எல்லாத்துலயும் தங்கச்சியோட பவுடரைத் தூவி இன்ஜினை ஓடவிட்டேன். பத்தே நிமிஷம்... மிச்ச டீசலை டேங்க்குக்குத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் டியூப் ஜாயின்ட்டில் பவுடர் ஈரமாகிக் கறுத்தது. மாட்டிக்கிச்சு! செம்பு வாஷர் நசுங்கியிருந்தது. புதுசு மாத்தினேன். கசிவு நின்னுச்சு.

"அப்ப என் தலைவலிக்கும் இதான் காரணமால?" என்றார் அப்பா சாதாரணமாக.

ஒருநாள் கிண்டலே எனக்கு வலிச்சுது. வருஷக்கணக்கா அந்த வாடைக்குள்ளேயே கட்டுச்சோறு சாப்பிட்டவர்கிட்ட நான் ஒருநாள்கூட கேட்டதில்லையே ஃபிரெண்ட்ஸ்!